யாழ்ப்பாணத்து வெக்கைக்கு மரவீடு: சுவரை விடுங்கள், கூரையைப் பாருங்கள்

ரொறன்ரோவில் பதினெட்டு வருடம் வீடு கட்டும் வேலையில் இருந்த ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார்: "நீர்வேலியில் அம்மாவின் வளவு சும்மா கிடக்கிறது. ஊரோடு வரப் போகிறேன். இங்கே நாங்கள் கட்டுவது முழுக்க மரச்சட்ட வீடுகள். அதே மாதிரி ஒன்றை அங்கே என் கையாலேயே கட்டலாமா? ஏசி இல்லாமல் இருக்க முடியுமா? கறையான் விடுமா? அடுத்த தைக்கு வருகிறேன்."

கட்டலாம் தம்பி. நானும் கட்டினேன். மூன்றடிக்கு அரைச்சுவர் கல், அதற்கு மேலே எல்லாம் மரம். ஏழு வருடமாக அதற்குள்தான் இருக்கிறேன், ஏசி இல்லை. ஆனால் உங்கள் கேள்வியில் "அதே மாதிரி" என்று ஒரு சொல் இருக்கிறதே, பிழை வரப்போவது அங்கேதான்.

கனடாவில் நீங்கள் கட்டுவது ஒரு பிளாஸ்க். வெளியே மைனஸ் 20, உள்ளே 21. அந்த 41 பாகை வித்தியாசத்தைத் தாங்கத்தான் சுவருக்குள் ஆறு அங்குலத்துக்குப் பஞ்சு, உள்பக்கம் பொலித்தீன், ஒரு ஊசித் துவாரம்கூட இல்லாமல் அடைப்பு எல்லாம். இங்கே சித்திரை மத்தியானம் வெளியே நிழலில் 34 என்றால், யன்னல் திறந்து கிடக்கும் வீட்டுக்குள்ளும் ஏறக்குறைய அதுதான். இரண்டு பக்கமும் ஒரே சூடாக இருக்கும் சுவருக்குள் பஞ்சை அடைத்து என்ன காணப் போகிறோம்? எங்களை வேகவைப்பது வேறு மூன்று: தலைக்கு மேலே காயும் கூரை, பின்னேர வெயில் விழும் மேற்குச் சுவர், காற்று நின்றுபோன அறை. காசையும் மினக்கேட்டையும் இந்த ஒழுங்கில் செலவழியுங்கள்.

அப்படியானால் மரம் எதற்கு, கல்வீடே போதுமே என்று கேட்பீர்கள். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். வைகாசியில் இரவு ஒன்பது மணிக்கு, மேலே கொங்கிறீற் தட்டுப் போட்ட ஒரு வீட்டுக்குப் போய், மேற்குச் சுவரில் புறங்கையை வையுங்கள். இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இன்னும் சூடு இருக்கும். பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சுவரும் தட்டும் இரவில்தான் திருப்பித் தருகின்றன, நாங்கள் படுக்கும் நேரத்தில். பாலைவன நாடுகளில் தடித்த சுவர் நல்லது, ஏனென்றால் அங்கே இரவில் குளிர் இறங்கிச் சுவரை ஆற்றிவிடும். மூன்று பக்கமும் கடல் இருக்கிற எங்களுக்குப் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சுவர் ஆற முதல் அடுத்த வெயில் வந்துவிடும். மரச்சுவரில் சூடு நின்று தங்காது. பொழுது பட்டு ஒரு மணித்தியாலத்தில் என் வீட்டு மேற்குப் பலகை வெளிக்காற்றின் அளவுக்கு வந்துவிடும். மரத்தில் எனக்குத் தெரிந்த பெரிய இலாபம் இதுதான். மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மலிவு இல்லை.

சரி, கூரை. யாழ்ப்பாணம் வடக்கு அகலாங்கு 9.7 பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் நேரே உச்சந்தலையில் நிற்கும். ஆனியில் வடக்கே 14 பாகை சரியும், மார்கழியில் தெற்கே 33 பாகை சரியும், அவ்வளவுதான். வருடம் முழுக்கக் கூரைதான் அடி வாங்குகிறது. என் செலவில் ஏறக்குறைய பாதி கூரைக்கே போனது. திரும்பக் கட்டினாலும் அப்படித்தான் செய்வேன்.

முன்வீட்டுக்கு ஓடு போட்டேன், பின்னால் குசினிக்கும் சாமான் அறைக்கும் தகடு. ஓடு பாரம், சதுர மீற்றருக்கு 40, 45 கிலோ வரும், அதற்கேற்ற கைமரம், அதாவது முகட்டில் இருந்து சரிவாக இறங்கும் மரம், வேண்டும். ஆனால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்குகளால் சூட்டுக் காற்று தானாகவே கழன்று போகும். தகட்டில் அது நடக்காது, நாங்கள்தான் வழி விட வேண்டும். இங்கேதான் நான் நன்றாகப் பிழை விட்டேன்.

தகட்டுக்குக் கீழே மினுங்கும் அலுமினியத் தாள் விரித்தால் சூடு இறங்காது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் வாங்கி, பலகைக்கு மேலே விரித்து, அதற்கு மேலேயே தகட்டை வைத்து இறுக்கிவிட்டேன். முதல் பங்குனியில் குசினிக்குள் நிற்க முடியவில்லை. ஏணி வைத்து ஏறி, உள்ளே பலகையைத் தொட்டுப் பார்த்தால் கை சுட்டது. பிறகுதான் யோசித்தேன். அந்தத் தாள் வேலை செய்வது கதிராக வரும் சூட்டை மறிப்பதால். அதற்குக் குறைந்தது ஒரு பக்கத்திலாவது காற்று இடைவெளி வேண்டும், ஒரு அங்குலமாவது. இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு இருந்தால் அது வெறும் அலுமினியம். அலுமினியமோ சூட்டைக் கடத்துவதில் கெட்டிக்காரன். சட்டி செய்வதே அதில்தானே.

தகட்டைக் கழற்றினேன். தாளைக் கைமரங்களின் மேலே கொஞ்சம் தொய்வாகப் போட்டு, அதன் மேல் கைமரத்தின் நீளத்துக்கு இரண்டு அங்குலக் கட்டை அடித்து, அதற்குக் குறுக்கே சலாகை என்ற மெல்லிய சட்டம், அதற்கு மேலே தகடு. மினுங்கும் பக்கம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் இரண்டு வருடத்தில் செம்மண் தூசி படிந்து மினுக்கம் போய்விடும், மினுக்கம் போனால் வேலையும் போகும். இறவாரத்தில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் இடம் விட்டு, இரண்டு இடத்திலும் சின்னக் கண் கம்பிவலை அடித்தேன். வலை இல்லாவிட்டால் அணில், வௌவால், குளவி எல்லாம் குடிபூரலுக்கு உங்களுக்கு முதலே வந்துவிடும். அடுத்த பங்குனியில் அதே பலகை, அதே ஏணி; கையை வைத்துக்கொண்டு நிற்கலாம் என்ற அளவுக்கு வந்தது.

தகட்டின் நிறமும் முக்கியம். வெள்ளை வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கடும் சிவப்பும் கடும் பச்சையும் குடிக்கும். ஊரில் எல்லோருக்கும் சிவப்புத்தான் விருப்பம், பார்க்க ஓடு மாதிரி இருக்குமாம். கனடாவில் பழகிய சுவர்ப் பஞ்சை இங்கே எங்காவது போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் சீலிங்குக்கு மேலே போடுங்கள், இரண்டு மூன்று அங்குலம் போதும். தென்னந்தும்பு போடலாமே என்று நானும் ஒரு அறைக்குப் போட்டேன். எலி மூன்று மாதத்தில் அதற்குள் பேரப்பிள்ளை கண்டது.

இனி நிழல். தெற்கு, வடக்குச் சுவர்கள் பிரச்சினை இல்லை. சூரியன் அவ்வளவு உயரத்தில் நிற்பதால் மூன்றடி இறவாரம் போதும். மார்கழி மத்தியானத்திலும் அது சுவரில் நாலரை அடிக்கு நிழல் விழுத்தும். மேற்கு வேறு கதை. பின்னேரம் நாலு மணிக்கு வெயில் 30 பாகைச் சரிவில் நேரே உள்ளே பாயும். எந்த இறவாரமும் அதை மறிக்காது. ஒன்றில் மேற்கே எட்டடி விறாந்தை இறக்குங்கள், அல்லது சுவருக்கு முன்னால் நிற்கிற மாதிரி ஒரு மறைப்பு வையுங்கள். என்னிடம் விறாந்தைக்குக் காசு மிஞ்சவில்லை. சுவரில் இருந்து ஒன்றரை அடி தள்ளி நாலு பனங்கட்டை நட்டு, கிடுகு கட்டினேன். பக்கத்து வளவு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, புதுவீட்டுக்குச் சேலை உடுத்திப் போட்டீர்?" என்று கேட்டார். சேலைதான். வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும், மாரியில் கழற்றிவிடலாம். செலவுக்கும் பயனுக்கும் பார்த்தால் இந்த வீட்டில் நான் செய்த மிகத் திறமான வேலை அந்தக் கிடுகுதான். ஒன்றரை அடி இடைவெளியை மட்டும் மறந்துவிடாதீர்கள். கிடுகு மரச்சுவரில் முட்டினால் ஈரமும் கறையானும் சேர்ந்து வரும்.

காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஊர்ப்பிள்ளைதானே. வைகாசியில் இருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கில் இருந்து வீசும். வெக்கைக் காலத்துக்கு அதுதான் மருந்து. ஐப்பசியில் இருந்து வாடை வடகிழக்கால் மழையைக் கொண்டு வரும். ஆகவே தென்மேற்கைத் திறந்து விடுங்கள், வடகிழக்குச் சுவருக்கு இறவாரத்தை இன்னும் ஒரு அடி நீட்டுங்கள். மரவீட்டில் முதலில் உக்குவது வடகிழக்கு மூலைதான். நிலையம் எடுக்கும் (வாஸ்து பார்க்கும்) ஆசாரியார் வாசலை எந்தப் பக்கம் வைக்கச் சொன்னாலும் வையுங்கள், யன்னலை இந்தக் கணக்குக்கு வையுங்கள். இரண்டுக்கும் சண்டை வராது.

யன்னலில் ஒரு விடயம் பலர் கவனிப்பதில்லை. எங்கள் வீடுகளில் யன்னலின் அடிக்கட்டு மூன்று, மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். கட்டிலின் உயரம் ஒன்றரை அடி. காற்று எங்களுக்கு மேலால் போக, நாங்கள் கீழே புழுங்கிக்கொண்டு கிடக்கிறோம். படுக்கும் அறைக்கு அரைச்சுவரை ஒன்றரை அடியிலேயே நிறுத்தி, அங்கிருந்தே யன்னலைத் தொடங்குங்கள். உள்ளே கம்பி போட்டால் கள்ளனுக்கும் பயமில்லை, குழந்தைக்கும் பயமில்லை. எதிர்ச் சுவரில், உயரத்தில், காற்று வெளியேற ஒரு வழி. செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் உடம்பில் காற்றுப் பட்டால் இரண்டு மூன்று பாகை குறைந்த மாதிரித் தெரியும். சோளகம் விழுந்த நாட்களுக்கு மின்விசிறி இருக்கிறது. பழைய வகை 70, 75 வாற்று இழுக்கும், இப்போது வருகிற டிசி மோட்டார் விசிறி 30, 35 வாற்றுத்தான். ஒரு ஏசி இழுக்கிற கரண்டில் இதில் முப்பது சுழலும். என் வீட்டு "எனர்ஜி எஃபிஷியன்சி" முழுக்க இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

இனி மரம். கனடாவில் கடைக்குப் போனால் காய வைத்து, சீவி, தரம் பார்த்து முத்திரை குத்திய பைன் கிடைக்கும். இங்கே அப்படி இல்லை. வெளிநாட்டுப் பைன் கொழும்பால் வரும்தான், ஆனால் கறையானுக்கு அது பாயாசம். வன்னிப் பாலை, முதிரை அருமையான மரங்கள். பாலை தண்ணீரில் போட்டால் தாழும், அவ்வளவு பாரம். தூணுக்கு அதற்கு மிஞ்சி ஒன்றும் இல்லை, வாள்தான் அழும். ஆனால் அனுமதிப் பத்திரம் கையில் இல்லாத மரத்தை, எவ்வளவு மலிவாகத் தந்தாலும், தொடாதீர்கள். கதவு நிலைக்கும் யன்னலுக்கும் வேம்பு போதும். எங்கள் ஆட்கள் காலம் காலமாகப் பாவித்தது.

கூரைக்குப் பனை. தொண்ணூறுகளில் யுத்தத் தடையால் சீமெந்து உள்ளே வராத காலத்தை நீங்கள் சிறுவனாகக் கண்டிருப்பீர்கள். வீட்டுக்கும் பனை, பங்கருக்கும் பனை. அந்தக் காலத்தில் போட்ட பனஞ்சலாகை இன்றைக்கும் ஆணி இறங்காமல் இருக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். ஆனால் பனை மற்ற மரம் மாதிரி இல்லை. மற்ற மரத்தில் நடுவில்தான் வைரம், அதாவது உறுதியான பகுதி. பனையில் வெளியேதான் வைரம், நடுவில் மெத்தென்ற சோற்றி. அடிமரம் கறுப்பு, மேலே போகப் போக வெளிறும். ஆகவே தூணாகப் பனையை முழுசாக நட்டு நம்ப வேண்டாம், நடு உக்கிக் கோதாகிவிடும். பிளந்து, சோற்றியைச் செதுக்கித் தள்ளி, வைரத்தை மட்டும் கைமரத்துக்கும் சலாகைக்கும் எடுங்கள். வயதுபோன பனையாகப் பாருங்கள். வெட்டுமுகத்தில் கறுப்பு நார் நெருக்கமாக, இரண்டு விரல் தடிப்புக்காவது இருக்க வேண்டும். வெளிறிய மரத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

பனையில் நேரே ஆணி அடித்தால் ஒன்றில் ஆணி வளையும், அல்லது மரம் நெடுகப் பிளக்கும். துளை போடாமல் ஒன்றும் இறக்காதீர்கள். திருகாணி என்றால் அதன் தடிப்பில் முக்கால்வாசிக்கு மேல் துளை, நுனியைச் சவர்க்காரத்தில் ஒரு இழுப்பு; பிறகு பாருங்கள், எப்படி இறங்குகிறது என்று. பனஞ்சிராய் கையில் ஏறினால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். கறுப்பு முள் மாதிரி உள்ளே முறிந்து நின்று, மூன்றாம் நாள் சீழ் வைக்கும். எனக்கு இடது பெருவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

பெண்பனையும் பலாவும் தறிக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். உங்கள் சொந்த வளவு என்றாலும்தான். கிராம அலுவலரிடம் தொடங்கிப் பிரதேச செயலகம் வரை போக வேண்டிவரும்.

காய்தல்தான் பொறுமையைச் சோதிக்கும். பச்சை மரத்தில் சட்டம் அடித்தால் அது காயும்போது முறுகும், மூட்டு கழலும். நான் செய்தது இதுதான். அரிந்த மரத்தை நிலத்தில் இருந்து ஒரு அடி உயர்த்தி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரே தடிப்புக் கட்டை வைத்து, மேலே மட்டும் தகட்டால் மூடி, பக்கங்களைக் காற்றுக்கு விட்டேன். அந்த அடுக்கில் இருந்து இரண்டடித் துண்டு ஒன்றை எடுத்து இலக்கம் எழுதி வைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் மீன்காரரிடம் வாங்கிய கொக்கித் தராசில் அதைத் தொங்கவிட்டு நிறுத்து, சுவரில் கரியால் எழுதுவேன். தொடக்கத்தில் 5 கிலோவுக்குக் கிட்ட இருந்தது. நாலாம் மாதம் 4 கிலோவில் வந்து நின்றது. அடுத்த மூன்று ஞாயிறும் அதே 4. அப்போதுதான் உளியைக் கையில் எடுத்தேன். ஈரமானி வாங்கிக் குத்திப் பார்க்கலாம், ஆனால் பனைக்கு அது சரியாகச் சொல்வதில்லை. தராசு பொய் சொல்லாது.

தேய்பிறையில் தறித்த மரம் உளுக்காது என்று தச்சுவேலை செய்யும் ஓடாவியார் ஒருவர் சொன்னார். நான் தேய்பிறையிலேயே தறித்தேன், சண்டை எதற்கு. உளுக்கும் வண்டு தேடுவது மரத்தில் இருக்கும் மாப்பொருளை; உக்கலுக்குக் காரணமான பூஞ்சணத்துக்கு மரத்தில் ஈரம் 20 வீதத்துக்கு மேலே இருக்க வேண்டும். காய்ந்த மரம், காய்ந்தபடியே இருந்தால், நிலவு எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை.

கறையான். இரண்டு வகை இருக்கிறது. மண்ணில் இருந்து மண்குழாய் கட்டி ஏறுவது ஒன்று. மண்ணே தேவைப்படாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருந்து, கசகசா மாதிரி எச்சத்தைக் கொட்டுவது மற்றது. இரண்டாவதுக்கு மருந்துதான் வழி. மூன்று பங்கு வெண்காரம் (போராக்ஸ்), இரண்டு பங்கு போரிக் அமிலம், சுடுதண்ணீரில் கரைத்து, சட்டம் பூட்ட முதல் ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு மூன்று தரம் பூசுங்கள். வெட்டுமுகத்துக்கும் துளைக்குள்ளும் கூடுதலாக. கையுறை போடுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அது மழையில் கரைந்துவிடும் என்பதால் கூரைக்குக் கீழே இருக்கும் மரத்துக்குத்தான் சரிவரும்.

மண்ணால் வருவதை மருந்தால் அல்ல, கண்ணால் பிடிக்க வேண்டும். என் தூண் ஒன்றும் மண்ணைத் தொடாது. ஒவ்வொன்றும் ஒன்றரை அடிக் கொங்கிறீற் குற்றியில் நிற்கிறது; குற்றிக்கும் மரத்துக்கும் நடுவில் ஓரம் கீழே மடித்த தகட்டுத் தொப்பி. கறையான் அதைச் சுற்றி ஏறலாம், ஆனால் வெளியே குழாய் கட்டித்தான் ஏற வேண்டும், அப்போது தெரிந்துவிடும். இவ்வளவும் செய்துவிட்டு, குடிபூரலுக்கு இரண்டு நாள் இருக்க, அம்மா ஏறக் கஷ்டப்படுவா என்று பின்வாசலுக்கு மூன்று கல்படி கட்டினேன். மேல்படி வாசல்கட்டையோடு முட்டி நின்றது. பதினொரு மாதம் கழித்து ஒருநாள் விளக்குமாறு விழுந்ததை எடுக்கக் குனிந்தபோது, படியின் பின்பக்கத்தில் பென்சில் தடிப்பில் ஒரு மண்கோடு. நகத்தால் கீறினேன், உள்ளே வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தன. வாசல்கட்டை மேலே வார்னிஷ் மினுங்க, உள்ளே கடதாசி. கட்டையை மாற்றினேன், படியை இடித்து இரண்டு அங்குலம் தள்ளிக் கட்டினேன். அந்த இரண்டு அங்குலத்தால் கை விட்டுப் பார்க்கலாம், ரோர்ச் அடித்துப் பார்க்கலாம். பூச்சாடி, விறகு, சைக்கிள், எதையும் மரச்சுவரில் சாத்தி வைக்க நான் விடுவதில்லை. வீட்டில் எனக்கு இதனால் நல்ல பெயர் இல்லை.

சட்டம் நிறுத்துவது உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, நான் படிப்பிக்க வரவில்லை. ஆனால் அங்கே நீங்கள் ஒட்டுப்பலகை அடித்தவுடன் சட்டம் இறுகிவிடும். இங்கே தூணும் அதன் மேல் கிடக்கும் தீராந்தியும் மட்டும் நிற்கும்போது ஆடும். என்னுடையது 30 அடிக்கு 20 அடி. மூலைக்கு மூலை 36 அடியும் முக்கால் அங்குலத்துக்குக் கிட்டவும் வர வேண்டும்; ஒரு பக்கம் ஒன்றே கால் அங்குலம் கூடியிருந்தது. பரவாயில்லை என்று ஓடாவியார் சொன்னார். பரவாயில்லை என்று விட்டிருந்தால் முகட்டில் ஓடு வரிசை பிசகி, கடைசியில் ஓடுகளை வெட்ட வேண்டி வந்திருக்கும். கயிற்றால் இழுத்துச் சரியாக்கி, மூலைகளுக்குச் சாய்வு மரம் பூட்டினோம். அதற்கு முதல் ஒரு கையால் தள்ளினாலே முழு வீடும் ஊஞ்சல் மாதிரிப் போய் வந்தது. எட்டுச் சாய்வு மரம் பூட்டிய பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளியும் அசையவில்லை.

காற்று கூரையை அமத்தும் என்று நினைப்போம். சூறாவளியில் அது கூரையைத் தூக்கும். 1964 மார்கழிச் சூறாவளியைக் கண்ட வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். தகடு சலாகையோடு, சலாகை கைமரத்தோடு, கைமரம் சுவர்த் தீராந்தியோடு, தீராந்தி தூணோடு, தூண் குற்றிக்குள் புதைத்த கம்பியோடு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட வெறும் ஆணியில் தொங்கக் கூடாது. இரும்புப் பட்டியும் போல்ட்டும் போடுங்கள், கல்வனைஸ் செய்தது. கடற்கரைக்குக் கிட்ட என்றால் அதுவும் துருப்பிடிக்கும், எவர்சில்வரில் வாங்குங்கள். நீர்வேலிக்கு அவ்வளவு தேவையில்லை.

ஒரு அறைக்காவது ஏசி வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள், அதுவும் கனடாவில் வளர்ந்த பிள்ளைகள். போடுங்கள், ஆனால் அந்த ஒரு அறையை மட்டும் கனடாக்காரன் மாதிரி அடைத்துக் கட்டுங்கள்: சுவருக்கும் சீலிங்குக்கும் பஞ்சு, கதவுக்கு ரப்பர். பொலித்தீனை மட்டும் மாற்றிப் போட வேண்டும். அங்கே ஈரம் உள்ளே இருந்து வெளியே போகும், அதனால் உள்பக்கம். இங்கே வெளியே இருக்கும் புழுக்கக் காற்றுத்தான் குளிர்ந்த அறையைத் தேடி உள்ளே வரும். ஆகவே மறிப்பு வெளிப்பக்கம். பழக்கதோசத்தில் உள்ளே ஒட்டினால், அதன் முதுகில் தண்ணீர் வியர்த்து, யாருக்கும் தெரியாமல் சட்டம் உக்கும். அந்த அறைக்கு உள்ளே மினுங்கும் எண்ணெய்ப் பெயின்றும் வேண்டாம், அதே காரணம். ஏசி இல்லாத மற்ற அறைகளுக்குப் பொலித்தீனே தேவையில்லை.

மிச்சம் சின்னச் சின்ன விடயங்கள். வயரை எல்லாம் குழாய்க்குள் விடுங்கள், எலி. மரவீடு நெருப்புக்குப் பயம் என்பார்கள். தடித்த வைரமரம் நிமிடத்துக்கு அரை மில்லிமீற்றர் அளவில்தான் கரியாகும், பயப்பட வேண்டியது மெல்லிய பலகைக்கும் கிடுகுக்கும். அதனால் குசினிப் பக்கம் கிடுகு கட்டாதீர்கள். கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் வங்கியில் முதலே கதையுங்கள். மரவீடு என்றதும் நான் போன இடத்தில் அந்த அலுவலர் சிரித்துக்கொண்டே கோப்பை மூடினார். பிரதேச சபைக்கு வரைபடம் கொடுக்கும்போது அரைச்சுவர் கல் என்பதைத் தெளிவாகக் காட்டுங்கள்.

உங்கள் கையாலேயே என்றீர்கள். அத்திவாரத்தை மேசனிடம் விடுங்கள். ஒரு அடி தோண்டினால் சுண்ணாம்புக்கல் இடிக்கிற நிலம், அவர்களுக்குத்தான் தெரியும் எங்கே நிறுத்துவது என்று. கரண்ட் வேலையையும் அது தெரிந்தவரிடம் விடுங்கள். மரவேலை முழுக்க நீங்களும் இரண்டு கையாட்களும் செய்யலாம். ஆனால் காலை ஆறில் இருந்து பத்தரை, பின்னேரம் மூன்றரையில் இருந்து பொழுது படும்வரை. நடுவில் வேப்பமரத்துக்குக் கீழே படுங்கள். ரொறன்ரோ வேகத்தில் மத்தியானம் கூரையில் நின்றால் அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் நிற்பீர்கள்.

தைக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மழை விட்டு, வெயில் ஏற முதல் வேலை தொடங்க நல்ல காலம். புரட்டாதிக்குள் கூரை மூடிவிட வேண்டும், ஐப்பசியில் வாடை பார்த்துக்கொண்டு நிற்காது. ஆனால் வந்து இறங்கிய பிறகு மரம் தேடினால், காய வைப்பதிலேயே அந்த வருடம் போய்விடும். இப்போதே யாரையாவது விட்டு வளவில் உள்ள பனைகளை எண்ணச் சொல்லுங்கள், எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை வயதுபோனது என்று. அனுமதி எடுத்து, இந்த ஆவணிக்குள் தறித்து, அரிந்து அடுக்கிவிட்டால் மாரி முழுக்கத் தகட்டுக்குக் கீழே கிடந்து காயும். ஒரு இரண்டடித் துண்டை எடுத்து இலக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தராசு வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது.